சுவரில் ஒட்ட வேண்டிய பட்டியல் எது?

"அவன் பெயரையும் போட்டோவையும் முச்சந்தியில் ஒட்டு! பஸ் ஸ்டாண்டில் ஒட்டு! ஊருக்கெல்லாம் தெரியட்டும்!"

பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுமை நடந்த செய்தி பத்திரிகையில் வரும் நாளெல்லாம், காரைக்குடி டீக்கடைகளில் இந்தப் பேச்சு எழுகிறது. விடியற்காலையில் மில் வேனுக்குக் காத்து நிற்கும் பெண்களும் இதையே சொல்கிறார்கள். கண்மாய்க்கரையில் களையெடுத்துவிட்டுக் கஞ்சி குடிக்க உட்காரும் தாய்மார்களும் இதையே சொல்கிறார்கள்.

இந்தக் கோபம் நியாயமான கோபம். பாலியல் கொடுமை செய்தவனுக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. அவன் தண்டிக்கப்பட வேண்டும். தண்டனை தப்பாமலும் தாமதமில்லாமலும் வர வேண்டும். இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் உழைப்பாளி மக்கள் ஒரு கோரிக்கையை எழுப்பும்போது, அது தங்களுக்கு என்ன பலன் தரும் என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். குற்றவாளிகளின் பெயர்ப் பட்டியல் என்றால் என்ன? அதில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது? அதை ஊரறிய ஒட்டினால் நம் வீட்டுப் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கிடைக்குமா? இந்த வாரம் இதைப் பரிசீலிப்போம்.

நம் நாட்டில் இருக்கும் பட்டியல்

பட்டியலே இல்லை என்று பல தோழர்கள் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2018 செப்டம்பர் 20-ந் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு ஒன்றைத் துவக்கியது. அதைப் பராமரிப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். துவங்கிய நாளிலேயே அதில் ஏறக்குறைய 4,40,000 பதிவுகள் இருந்தன. பலாத்காரம், கூட்டுப் பலாத்காரம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் (போக்சோ), பெண்களைச் சீண்டுதல் போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர், விலாசம், போட்டோ, கைரேகை ஆகியவை அதில் உண்டு.

இந்தப் பதிவேட்டைப் போலீசும் புலனாய்வு அதிகாரிகளும் மட்டுமே பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்க முடியாது. புதிய வழக்கு ஒன்று வந்தால், அதே மாதிரிக் குற்றம் செய்தவர் அக்கம்பக்கத்தில் உண்டா என்று தேடவும், வேலைக்கு வருகிறவரின் பூர்வோத்தரத்தைப் போலீஸ் சரிபார்க்கவும் இது உதவும் என்று சர்க்கார் சொன்னது.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பதிவேட்டுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. நிர்வாக உத்தரவில் நடக்கும் ஏற்பாடு இது.

பட்டியல் போலீஸ் கையில் இருந்தால் குற்றம் நின்றுவிடுமா? 2024 டிசம்பர் 23-ந் தேதி இரவு சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அதைச் செய்தவன் போலீசுக்குத் தெரியாத ஆள் அல்ல. ஏற்கெனவே பல வழக்குகளில் சிக்கியவன். பெயர் போலீஸ் ஏட்டில் இருந்தது. ஆள் வளாகத்துக்குள் நடமாடினான். 2025 ஜூன் 2-ந் தேதி மகிளா கோர்ட் அவனுக்கு, 30 வருஷத்துக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டுமென்று ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தே மாதத்தில் வந்த அந்தத் தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் ஏட்டில் இருந்த பெயர் அந்தப் பெண்ணைக் காக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அமெரிக்கா செய்து பார்த்தது

சரி, ஏட்டைப் பூட்டி வைக்காமல் ஊருக்குத் திறந்துவிட்டால்? இதைச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா.

1994-ல் நியூஜெர்சி மாகாணத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரம் செய்து கொல்லப்பட்டாள். கொன்றவன் எதிர்வீட்டுக்காரன், முன்பே இரண்டு முறை குழந்தைகளிடம் குற்றம் செய்து தண்டனை பெற்றவன். "எங்களுக்கு முன்னமே தெரிந்திருந்தால்!" என்று பெற்றோர் கதறினார்கள். அந்தக் கதறலில் பிறந்ததுதான் அந்தக் குழந்தையின் பெயரால் வழங்கும் 'மேகன் சட்டம்'. 1996-ல் அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. குற்றவாளிகள் போலீசில் பதிந்துகொள்ள வேண்டும். அவர்களைப் பற்றிய விவரத்தை ஊராருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

2006-ல் வந்த இன்னொரு சட்டம் குற்றவாளிகளை மூன்று படியாகப் பிரித்தது. முதல் படிக்கு 15 வருஷம், இரண்டாம் படிக்கு 25 வருஷம், மூன்றாம் படிக்கு ஆயுள் முழுவதும் பதிவு. வீடு மாறினால், வேலை மாறினால் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அதுவே தனிக் குற்றம். பெயர், படம், விலாசம் ஆகியவை இன்டர்நெட்டில் எவரும் பார்க்கும்படி இருக்கும். அந்நாட்டுப் பட்டியல்களில் இன்று ஏழு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். சிறுவயதில் குற்றம் செய்து பட்டியலில் ஏறியவர்களும் அவர்களில் உண்டு.

விளைவு என்ன? பல ஊர்களில், பட்டியலில் உள்ளவன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். மியாமி வட்டாரத்தில் 2,500 அடி, அதாவது முக்கால் கிலோமீட்டர் தூரம் விலக்கினார்கள். நகரத்தில் பள்ளிக்கூடம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? கடைசியில் பத்துக்கணக்கான பேர் ஒரு பாலத்தின் அடியில் குடிசையும் கூடாரமும் போட்டுக் கிடந்தார்கள். 2010-ல் அந்தக் குடியிருப்பைக் கலைத்தார்கள். விலாசமே இல்லாதவனை எப்படிக் கண்காணிப்பது? கண்காணிக்கவென்று கொண்டுவந்த விதி கண்காணிப்பையே கெடுத்தது.

இந்தச் சட்டம் பிறந்த நியூஜெர்சியிலேயே சர்க்கார் நிதியுதவியுடன் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2008-ல் வெளியான அதன் முடிவு, தண்டனை பெற்றவர்கள் மறுபடி பாலியல் குற்றம் செய்வதை மேகன் சட்டம் குறைத்ததாகத் தெரியவில்லை என்பதுதான். செலவோ வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று.

பிரிட்டனில் 2000-ல் ஒரு பத்திரிகை இப்படிப்பட்டவர்களின் பெயர்களையும் படங்களையும் அச்சிட்டு இயக்கம் நடத்தியது. கூட்டம் கூடி வீடுகளைத் தாக்கியது; சம்பந்தமே இல்லாதவர்களும் அடிபட்டார்கள். வேல்ஸ் பகுதியில் ஒரு பெண் குழந்தை வைத்தியரின் வீட்டில் அவரைக் குற்றவாளி என்று எழுதி வைத்தார்கள். காரணம், ஆங்கிலத்தில் குழந்தை வைத்தியருக்குள்ள சொல்லும் இந்தக் குற்றவாளிக்குள்ள சொல்லும் காதுக்கு ஒன்று போல இருந்ததுதான்! பின்னாளில் அந்நாடு வேறு வழியைப் பிடித்தது. தன் குழந்தையோடு பழகும் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிப் பெற்றோர் போலீசில் கேட்கலாம். ஆபத்து உண்டென்றால் போலீஸ் அந்தப் பெற்றோருக்கு மட்டும் சொல்லும். அதை வெளியே பரப்பக் கூடாது. 2011 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் இதுதான் நடைமுறை.

குற்றவாளி யார்?

அமெரிக்கா கிடக்கட்டும், நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷந்தோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பாருங்கள். பதிவாகும் பலாத்கார வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கு மேல், குற்றம் செய்தவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூடப் பழகியவன், வேலை கொடுத்தவன். முகம் தெரியாத அந்நியன் பத்தில் ஒன்றுகூட இல்லை.

அதே காப்பகத்தின் 2022-ம் வருஷக் கணக்கில் 31,516 பலாத்கார வழக்குகள் பதிவாயின. அந்த வருஷம் விசாரணை முடிந்து தீர்ப்பு வந்த பலாத்கார வழக்குகளில் நூற்றுக்கு முப்பதுகூடத் தண்டனையில் முடியவில்லை. புகாராகவே வராமல் வீட்டுக்குள் புதைந்து போனவை எத்தனை என்பது தாய்மார்களின் நெஞ்சுக்குத்தான் தெரியும்.

ஆகவே பட்டியலுக்கு வருகிறவன் யார்? புகார் கொடுக்கப்பட்டு, அதைப் போலீஸ் வாங்கி, சாட்சி கலையாமல் நின்று, கோர்ட் தண்டித்த பிறகு மிஞ்சுகிறவன். மில் சூபர்வைசர் மீது புகார் சொன்னால் ஷிப்டு போய்விடும் என்று பயந்து பெண் வாய் மூடினால், அவன் பட்டியலில் வர மாட்டான். நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளை மீது புகார் சொன்னால் அடுத்த போகத்துக்கு வேலை கிடையாது என்று கூலிக்காரக் குடும்பம் அடங்கிப் போனால், அவனும் வர மாட்டான். சித்தப்பன் செய்த கொடுமையைக் குடும்ப மானம் என்று மூடி மறைத்தால், அவனும் வர மாட்டான். பணக்காரன் பஞ்சாயத்துப் பேசி ரூபாய் கட்டித் தப்பினால், அவனும் வர மாட்டான். கேட்க நாதியில்லாத, வக்கீல் வைக்க வகையில்லாத ஏழைக் குற்றவாளியின் படம் சுவரில் தொங்கும். காரில் போகிற குற்றவாளி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே போவான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை வேறு இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கூட்டம் புகுந்தது. 18 பழங்குடிப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். ஊரே சூறையாடப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அன்றைய சர்க்கார் சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடாமல் போராடி, கோர்ட்டுக்குப் போய், சி.பி.ஐ. விசாரணை பெற்றன. 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் பலாத்காரக் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஹைகோர்ட் அதை உறுதி செய்தது.

நடுவில் போன 19 வருஷம் என்ன நடந்தது? அவர்கள் பெயர் எந்தக் குற்றவாளிப் பட்டியலிலும் இல்லை. சர்க்கார் சம்பளப் பட்டியலில்தான் பலருடைய பெயர் இருந்தது! அந்தப் பெண்களை எந்த ஏடும் காக்கவில்லை. அவர்களுடைய மன உறுதியும், பக்கத்தில் நின்ற இயக்கமும்தான் நியாயத்தை வாங்கித் தந்தன.

ரேகைச் சட்டத்தை மறந்துவிடலாமா?

போலீஸ் ஏடு என்றதும் நமது சீமைப் பெரியவர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். வெள்ளையன் 1871-ல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை ராஜதானியிலும் அமுலுக்கு வந்தது. நம் பக்கத்து ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம், ரேகைச் சட்டம் என்றார்கள். இன்றைய சிவகங்கை அன்று இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களில் கள்ளர், மறவர் சமூகப் பிரிவினரும், ராஜதானியின் மற்றப் பகுதிகளில் வேறு பல எளிய ஜாதியினரும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று ஏட்டில் ஏற்றப்பட்டார்கள். திருடாதவனும் ரேகை வைக்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் போய் ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தபோது துப்பாக்கிதான் பேசியது. ஒரு பெண் உள்படப் பலர் மாண்டார்கள்.

ஜனங்களின் போராட்டத்தால் 1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் நாடு முழுவதிலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் ஏடு ஒழியவில்லை. "வழக்கமான குற்றவாளிகள்" என்ற புதுப் பெயரில் பல மாகாணச் சட்டங்கள் வந்தன. அந்தச் சொல்லை வைத்துப் பழைய குற்றப்பரம்பரை ஜாதிகளைச் சிறைக்குள் தனியே நடத்தியதை 2024 அக்டோபர் 3-ந் தேதி தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. சிறைப் பதிவேடுகளில் உள்ள ஜாதிப் பத்தியை நீக்கச் சொன்னது.

பாலியல் குற்றவாளியை ரேகைச் சட்டத்தில் வதைபட்டவர்களோடு நாம் சமமாக வைக்கவில்லை. ஒருவன் தான் செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவன். மற்றவன் பிறந்த ஜாதிக்காக வதைக்கப்பட்டவன். நாம் சொல்வது இதுதான்: கேள்வி முறை இல்லாத ஏடு போலீஸ் கையில் இருந்தால், அதன் பாரம் கடைசியில் ஏழைச் சேரியிலும் ஒடுக்கப்பட்ட ஜாதித் தெருவிலும்தான் இறங்கும். நம் மண்ணின் அனுபவம் அது.

போஸ்டரும் மாலையும்

நம் நாட்டில் போஸ்டர் ஒட்டிய சர்க்காரும் உண்டு. 2020 மார்ச்சில் உத்தரப் பிரதேச சர்க்கார் லக்னோ வீதிகளில் படங்களும் விலாசங்களும் போட்ட பெரிய பலகைகளை நிறுத்தியது. அதில் இருந்தவர்கள் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர்களா? இல்லை, குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்த கிளர்ச்சியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள்! மார்ச் 9-ந் தேதி அலகாபாத் ஹைகோர்ட் அந்தப் பலகைகளை அகற்றும்படி உத்தரவிட்டது. பெயர்ப்பலகை வழக்கமாகிவிட்டால் நாளைக்கு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியின் படமும் அங்கே ஏறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதே சர்க்கார் அதே வருஷம் செப்டம்பரில், பெண்களுக்குக் கொடுமை செய்வோரின் படங்களை நாற்சந்திகளில் ஒட்டப் போவதாக அறிவித்தது. அதே மாதத்தில்தான் ஹத்ராஸ் கொடுமையும் நடந்தது. 19 வயதுத் தலித் பெண் மேல்ஜாதிக்காரர்களால் தாக்கப்பட்டாள். செப்டம்பர் 29-ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் இறந்தாள். அன்றிரவே குடும்பத்தாரைக் கிட்ட விடாமல் போலீசே சடலத்தை எரித்தது. 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பில் நான்கு பேரில் மூன்று பேர் விடுதலை. ஒருவனுக்கு மட்டும் தண்டனை, அதுவும் பலாத்காரத்துக்காக அல்ல. போஸ்டர் அறிவிப்பு எதற்கு என்பது இப்போது விளங்குகிறதா?

குஜராத்தையும் பாருங்கள். 2002 கலவரத்தில் பில்கிஸ் பானுவுக்கு இழைத்த கொடுமைக்காகவும் கொலைகளுக்காகவும் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்டு 15-ந் தேதி விடுதலை செய்தார்கள். சிறை வாசலில் இனிப்பும், பிறகு மாலையும் கிடைத்தன. பெண்கள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடிய பிறகு, 2024 ஜனவரி 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஆளும் கூட்டத்துக்கு வேண்டியவனுக்கு மாலை, வேண்டாதவனுக்கு மட்டும் பலகை என்றால் அதற்குப் பெயர் நியாயமல்ல.

ஊர் கையில் ஒரு படத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோவிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று செல்போனில் வதந்தி ஓடியிருந்த நேரம் அது. ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி செத்தார். அவர் செய்த குற்றம் மிட்டாய் கொடுத்தது. அடித்தவர்களும் நம்மைப் போன்ற உழைக்கும் ஜனங்கள்தான். தங்கள் குழந்தைகள் மேலுள்ள பாசத்தில்தான் ஓடி வந்தார்கள். பயத்தோடு வதந்தி சேர்ந்தால் நல்ல மனிதர்களும் கொலைகாரர்களாகி விடுகிறார்கள்.

அவன் பெயரை ஒட்டினால் அவள் பெயர் தெரியும்

தாய்மார்கள் இதைக் கவனமாக யோசிக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுமை செய்தவன் சொந்த மாமன், சொந்தச் சித்தப்பன் என்றால், அவன் படத்தை முச்சந்தியில் ஒட்டுவதும் அந்தக் குழந்தையின் பெயரை முச்சந்தியில் எழுதுவதும் ஒன்றுதான். சின்னக் கிராமத்தில் யாருக்கு விளங்காது? நாளைக்கு அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், வாழ வேண்டும்.

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பாரதிய நியாய சம்ஹிதை 72-வது பிரிவும், 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் அதைத் தடுக்கின்றன. அப்படியிருந்தும் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் அந்த மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அவருக்கு இடைக்கால நஷ்ட ஈடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஹைகோர்ட் சர்க்காருக்கு உத்தரவிட வேண்டி வந்தது. படமும் பெயரும் ஊர்வலம் போகும் என்று தெரிந்தால் எந்தத் தாய் ஸ்டேஷன் படி ஏறுவாள்? புகார் இன்னும் குறையும். குற்றவாளி இன்னும் துணிவான்.

இந்தப் பட்டியலை ஒட்டு!

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறோமா? இல்லை. சுவரில் ஒரு பட்டியல் ஒட்டத்தான் வேண்டும். சட்டமே அதை ஒட்டச் சொல்கிறது. ஒட்டாமல் ஏமாற்றுகிறார்கள்!

2013-ம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைமை ஒரு பெண். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து, பெண்கள் நலனுக்கு உழைப்பவர் ஒருவர். அந்தக் குழு அமைத்த உத்தரவையும், குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் முதலாளி ஒட்டி வைக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

தோழர்களே, உங்கள் மில் வாசலில் அந்த அறிவிப்பு இருக்கிறதா? நாளை ஷிப்டுக்குப் போகும்போது பாருங்கள்.

வயல்வேலை, செங்கல் சூளை, சித்தாள் வேலை, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு முதலாளி குழு கிடையாது. அவர்களுக்காகவே ஜில்லாவுக்கு ஒரு உள்ளூர்க் குழு அமைக்கச் சட்டம் சொல்கிறது. முதலாளியே குற்றவாளி என்றாலும் அங்கேதான் புகார் செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் உண்டு. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவுவதும் குழுவின் கடமை.

குழந்தைக்குக் கொடுமை என்றால் 1098, பெண்ணுக்கு என்றால் 181 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. பலாத்காரம் போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் உண்டு. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்காமல், அது இருக்கும் இடத்துக்கே வந்து, உடுப்பு இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். வழக்கைக் கூடிய வரை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். இவையெல்லாம் ஏட்டில் இருக்கும் உரிமைகள். நடைமுறைக்கு இழுத்து வர ஸ்தாபனம் வேண்டும்.

அதற்கு ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். அவளுடைய சூபர்வைசர்தான் கைது செய்யப்பட்டான். கூட வேலை செய்த பெண்கள் அழுதுவிட்டு அடங்கிப் போகவில்லை. தங்கள் சங்கத்தின் மூலம் போராடினார்கள். 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. வேலைத் தளத்திலேயே பெண் தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக நின்று, தொந்தரவைப் புகார் செய்யவும், புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் தடுக்கவும் வழி பிறந்தது. அந்தத் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. மடை உடைந்த கண்மாயில் கரைக்கு வெள்ளையடித்துப் பயனில்லை. மடையைத்தான் அடைக்க வேண்டும். அந்தப் பெண்கள் மடையை அடைத்தார்கள்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு மில்லிலும், மில் ஹாஸ்டலிலும் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் எண்ணும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். குழுவில் தொழிலாளிப் பெண்கள் இருக்க வேண்டும்.

இரண்டு: ஜில்லா உள்ளூர்க் குழுவின் பெயர்ப் பட்டியலைக் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை பஸ் ஸ்டாண்டுகளிலும், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும் கலெக்டர் ஒட்டச் செய்ய வேண்டும்.

மூன்று: போக்சோ வழக்குகள் சட்டம் சொன்ன காலத்துக்குள் முடிய வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பும், இழந்த கூலிக்கு ஈடும் கொடுக்க வேண்டும்.

நான்கு: புகாரைப் பதிய மறுக்கிற, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் கசியவிடுகிற அதிகாரிகள் மீது வழக்குத் தொடர வேண்டும்.

ஐந்து: தேசியப் பதிவேடு சட்டத்துக்குள் வர வேண்டும். கோர்ட் தண்டித்தவர் பெயர் மட்டும் ஏற வேண்டும். சிறுவர்கள் பெயர் ஏறக் கூடாது. காலவரம்பும் அப்பீல் உரிமையும் வேண்டும். பள்ளிக்கூடம், விடுதி போன்று குழந்தைகளோடு பழகும் இடங்களில் வேலை பார்ப்போரின் பூர்வோத்தரத்தைப் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டுமென்று 2020-ம் வருஷத்துப் போக்சோ விதிகளே சொல்கின்றன. அதற்குப் பதிவேட்டைத் தப்பாமல் பயன்படுத்த வேண்டும். மில் ஹாஸ்டல் வார்டனுக்கும் மில் வேன் டிரைவருக்கும் இதே சோதனை வேண்டும்.

தாய்மார்களே, தோழர்களே! குற்றவாளியின் படத்தைச் சுவரில் பார்த்துத் தைரியம் பெறும் பெண்ணைவிட, தனக்காகப் பேச யார் இருக்கிறார் என்பதைச் சுவரில் படித்துத் தைரியம் பெறும் பெண்தான் அதிகம். முதல் புகார் துணிந்து எழுந்தால்தான் முதல் தண்டனை வரும். தண்டனை வந்தால்தான் பட்டியலுக்கே அர்த்தம் உண்டு.

இந்த வாரமே துவங்குங்கள். மில்லில் நான்கு பெண்கள் சேர்ந்து மானேஜரிடம் போய், "குழுவின் பெயர்ப் பட்டியல் எங்கே?" என்று கேளுங்கள். கிராமத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் மனுவை எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆண் தோழர்கள் பின்னால் நிற்கக் கூடாது. கூடவே போக வேண்டும்.

அந்தப் பட்டியல் சுவரில் ஏறும் வரை ஓயக் கூடாது!